வெறும் வயிற்றில் பேசியது

தம்பி மகளுக்குக் கல்யாணம் முடிவானதும் அவளுடைய ஜாக்கெட்டுகள் அத்தனையையும் நானே தைத்தேன். முகூர்த்தப் பட்டுக்கு, வரவேற்புக்கு, மறுவீட்டுக்கு என்று தனித்தனியாக. நாகல் நகரில் ஒரு சந்துக்குள் என் தையல் கடை இருக்கிறது. அந்த மாதம் வெளியாள் துணி எதுவும் வாங்கவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அந்தத் தம்பி குடும்பம் ஒன்றுதான். அப்பா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அம்மா தம்பி வீட்டில் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அந்தக் கல்யாணத்தோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. நான் செய்த எந்தக் காரியத்துக்காகவும் அல்ல. நான் பேசிய ஒரு வார்த்தைக்காக. அதைப் பேசியது எனக்கு இன்றுவரை நினைவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து ரொம்ப நாளாகிறது. பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிக்கொள்வேன். பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று, சின்னதாக இன்னொன்று. பெரியதன் பெயர் மெட்ஃபார்மின், சின்னதன் பெயர் கிளிமிபிரைடு என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு அவை வெறும் பெருசும் சிறுசும்தான். சாப்பிட்டு, மாத்திரை போட்டு, மிஷினை மிதித்து, என் பாட்டுக்கு இருந்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். என்னை யாரும் அதற்காகத் தூக்கிச் சுமக்க வேண்டியிருந்ததில்லை.

நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்துத்தான் எல்லாம் ஆரம்பித்தது. தம்பிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை. சிறுமலைப் பழம் தார் தாராகத் தொங்கும். ஒரு நாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு என்னைத் தேடி வந்தான்.

"ஏக்கா, போட்டோவுல பாத்தியா உன்ன? கன்னமெல்லாம் ஒட்டிப்போயி, கண்ணு உள்ள போயி. கல்யாணத்துல ஆரத்தி எடுக்கறவ நீ. சம்பந்தி வீட்டு ஆளுக என்ன நெனைப்பாங்க? வா, ஒரு நல்ல டாக்டரப் பாப்போம்."

அவன் பாசமாகத்தான் கூப்பிட்டான். அதை நான் மறுக்கவில்லை. பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். ஏசி போட்ட கிளினிக். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. தம்பிதான் பேசினான்.

"மகளுக்குக் கல்யாணம் சார். அதுக்குள்ள எங்க அக்காவுக்குச் சுகரக் கொறச்சு விட்டுருங்க."

"கொறச்சிரலாம்" என்று அவர் எழுத ஆரம்பித்தார்.

நான் பையிலிருந்து பழைய மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "சார், இது நான் போடுறது" என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என்னத்துக்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. அதற்குள் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

கீழே மருந்துக்கடைப் பையனிடம் மறுபடி கேட்டேன். "தம்பி, பழைய மாத்திரையும் போடணுமா?"

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலையே."

"நிறுத்தச் சொல்லலைன்னா போட வேண்டியதுதாம்மா."

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு ஆளாளுக்கு என்னிடம், "கேட்டுப் போட்டிருக்கலாமில்ல?" என்றார்கள். கேட்டேன். இரண்டு இடத்தில் கேட்டேன். புது மாத்திரையின் அட்டை நிறம் வேறு, பெயர் வேறு, வடிவம் வேறு. உள்ளே இருந்தது நான் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த அதே பெருசும் சிறுசும், ஒரே வில்லையாக. ஆக, ஒரே மருந்தை நான் இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரங்களில் உடம்பு எனக்குச் சொல்லிப் பார்த்தது. பதினோரு மணிக்கு மேல் கை நடுங்கும். ஊசியில் நூல் கோக்க வராது. ஃபேன் ஓடும்போதே முதுகு நனைந்துவிடும். காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். ஒரு நாள் பேகம்பூரிலிருந்து வழக்கமாகத் துணி கொண்டுவரும் வாடிக்கைக்காரம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், டீயும் பன்னும் வாங்கிவரச் சொல்லித் தின்னவைத்தார். தின்றதும் சரியாகிவிட்டது. கல்யாண வேலை, அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். என் வயதுப் பெண்ணுக்கு வருகிற எல்லாக் கோளாறுக்கும் அலுப்பு என்று ஒரே பெயர்தானே.

கல்யாணத்தன்று விடியும் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டேன். பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்தேன். ஜாக்கெட் தோளில் லேசாகத் தூக்கியிருந்தது. உட்கார்ந்து பிரித்துத் தைத்தேன். சமையல் மாஸ்டர் வந்து, டிபன் தயார், இப்பவே பந்தி போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இட்லி, பொங்கல், வடை எல்லாம் வாசம் வந்துகொண்டிருந்தது. சரி, சாப்பிடப் போகிறோமே என்று மாத்திரைகளைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பழசு, புதுசு எல்லாம்.

மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரம் பக்கம். அவர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. அவர்கள் வராமல் பந்தி போடக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான். நான் ஒரு தடவை சமையல்கட்டுக்குப் போய், "ரெண்டு இட்லி மட்டும் வைங்க, மாத்திரை போட்டுட்டேன்" என்றேன். மாஸ்டர் தட்டை எடுத்தார். தம்பி பின்னாலேயே வந்தான்.

"செத்த நேரம் பொறுக்கா. அவங்க வந்து உக்காரட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க முந்திக்கிட்டுத் தின்னா நல்லாவா இருக்கும்?"

"மாத்திரை போட்டுட்டேன்டா."

"ஒரு அரை மணி நேரத்துல என்ன ஆயிரப் போகுது?"

வேன் வந்தது. வாசலில் ஆரத்தி எடுத்தேன். சந்தனம், கற்கண்டு கொடுத்தேன். கற்கண்டு தட்டு என் கையிலேயே இருந்தது, அதில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவர்கள் கை கழுவி, பந்தியில் உட்கார்ந்து, எழுந்து, இரண்டாம் பந்தியும் அவர்கள் ஆட்களே உட்கார்ந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு வரிசை வரிசையாகப் போனேன். ஒரு பெரியவர், "ஏனுங்கம்மா, சட்னி கொஞ்சம் போடுங்க" என்றது ஞாபகம் இருக்கிறது. அவர் இலையில் நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்ததும், அது வழிந்து அவர் வேட்டியில் இறங்கியதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. துணியை வெட்டின மாதிரி அத்தோடு முடிகிறது.

கண் திறந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். மில்லில் ஷிஃப்டு பார்த்துப் பார்த்து எந்த இடத்திலும் உட்கார்ந்தபடி தூங்குகிற மனிதர், அன்று தூங்காமல் இருந்தார்.

"தாலி கட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"கட்டியாச்சு" என்றார். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே மருந்த டபுளா போட்டிருக்கீங்கம்மா. போட்டுட்டு பட்டினியா வேற இருந்திருக்கீங்க. இந்தச் சின்ன மாத்திரை, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பாக்காது. அது பாட்டுக்குச் சர்க்கரைய இறக்கிக்கிட்டே இருக்கும்." உடனே வீட்டுக்கு விடமாட்டேன் என்றாள். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கிவிடுமாம். மறுநாள் வரைக்கும் விரலைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். மண்டபத்தில் நான் மயங்கி விழுந்த பிறகு யாரோ என் வாயில் ஜூஸை ஊற்றியிருக்கிறார்கள். அதற்கும் திட்டு விழுந்தது. மயங்கிக் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போனால் அதிலேயே உயிர் போய்விடும் என்றாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். பட்டு வேட்டியோடு, தலைமுடியில் அட்சதை ஒட்டியிருக்க வந்தான். உட்காரவில்லை.

"ஏக்கா, இப்படிப் பண்ணிட்டியே."

"நான் என்னடா பண்ணேன்? எனக்கு ஒண்ணும் தெரியல."

அவன் என் கணவரைப் பார்த்தான். கணவர் தரையைப் பார்த்தார். அப்புறம் அவனே சொன்னான். நான் வாளியைக் கீழே போட்டிருக்கிறேன். என்னவோ ஆகிறது என்று பார்த்துத் தம்பி மனைவி ஓடிவந்து, ஒரு டம்ளர் ஜூஸை என் வாயருகே கொண்டுவந்திருக்கிறாள். நான் அதைத் தட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அம்மாவுக்குக் குடுத்துக் கொன்ன மாதிரி எனக்கும் குடுக்கறியா?" என்று கத்தியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. திரும்பத் திரும்ப.

அந்த டாக்டர் பெண்ணே அவனிடம் எடுத்துச் சொன்னாள். மூளைக்குச் சர்க்கரை போகாவிட்டால் மனிதர் குடித்தவர் மாதிரி ஆகிவிடுவார், உளறுவார், அடிப்பார், கொடுக்கிற இனிப்பையே தட்டிவிடுவார், இது ரொம்பச் சாதாரணம் என்றாள்.

அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "குடிச்சவன் மனசுல இருக்கறதத்தான டாக்டர் பேசுறான்?" என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் முன்னால் நின்று அவன் பேசியது கிட்டத்தட்ட அதுதான் கடைசி.

நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்றுதான் முதலில் நம்பினேன். பிறகு உறவுக்காரப் பையன் ஒருவன் புண்ணியம் கட்டிக்கொண்டான். வீடியோக்காரர் எடுத்ததிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தான். எனக்கும் வந்து சேர்ந்தது. புடவை முந்தானை விலகி, கண் எங்கேயோ பார்க்க, என் குரலில் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி, "மதினி, மதினி, குடிங்க மதினி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பின்னால் நாதஸ்வரம் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் தம்பி வீட்டுக்குப் போனேன். கணவரும் கூட வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்பி எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டான். தம்பி மனைவிதான் வந்து எதிரில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "எனக்கு நெனவே இல்லம்மா, மருந்து செஞ்ச வேலை" என்றேன்.

"மதினி," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "அத்தைக்குக் காலுல புண்ணு வந்தப்ப யாரு கழுவுனா? நாத்தத்துக்கு உங்க தம்பியே மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போவாரு. நான் கழுவுனேன். நீங்க ஞாயித்துக்கிழமை வருவீங்க, பூ வச்சு விடுவீங்க, போயிருவீங்க. நான் கொறையா சொல்லல. ஆனா என்னப் பாத்தா கொன்னவன்னு சொன்னீங்க?"

"நான் சொல்லலம்மா..."

"ஒரு வேளை மாத்திரை நான் தவறவிட்டது உண்டா, கேளுங்க. கடைசியில அவங்க சோறே வேண்டாம்னு தட்டத் தள்ளி விட்டுருவாங்க. நாலு பருக்கை எறங்காது. அப்பக்கூட மாத்திரைய விட்டதில்ல நான். தண்ணில கரைச்சாச்சும் வாயில ஊத்திருவேன். டாக்டர் சொன்ன நேரம் தப்பாது. அப்படிப் பாத்தேன் உங்க அம்மாவ."

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

அம்மாவுக்கும் சர்க்கரைதான். அவளுடைய கடைசி மாதங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. மத்தியானம் ஆனால் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டும். வெயில் என்போம். கை உதறும். வயசு என்போம். என்னைப் பார்த்து, சின்ன வயதிலேயே இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பக்கத்தில் வருகிறவர்களை அடிக்கக் கை ஓங்குவாள். கிழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு என்று எல்லாரும் சொன்னோம், நானும்தான். சாயங்காலம் யாராவது காப்பியில் தெரியாமல் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டால் அரை மணியில் தெளிந்து உட்கார்ந்து, "நீ எப்ப வந்த?" என்பாள். அதைக்கூட நாங்கள் விநோதமாகப் பேசிச் சிரித்திருக்கிறோம். ஒரு மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நோகாமல் போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்றது ஊர்.

எனக்கு ஆனது அம்மாவுக்கு தினமும் ஆகிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி வாயாலேயே அதைச் சொல்கிறாள், தான் சொல்வது என்ன என்று தெரியாமல்.

என்ன சொல்ல? நீ நேரம் தவறாமல் கொடுத்தாயே, அதுதான், என்று சொல்லவா? மண்டபத்தில் நினைவில்லாமல் கத்தியதை இப்போது நினைவோடு உட்கார்ந்து சொன்ன மாதிரி ஆகும். உள்ளறையிலிருந்து தம்பி குரல் மட்டும் வந்தது: "கேட்டாச்சுல்ல? கெளம்பச் சொல்லு."

கிளம்பிவிட்டோம்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டரிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "பாக்காம எதையும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றாள். "ஆனா வயசானவங்க, கிட்னி கெட்டவங்க, சரியாச் சாப்பிடாதவங்க, இவங்களுக்கு இந்த மாதிரி மாத்திரை ரொம்பக் கவனமாக் குடுக்கணும். சாப்பாடு எறங்கலைன்னா மாத்திரையைக் குடுக்கறதா வேண்டாமான்னு டாக்டர்கிட்டக் கேக்கணும். உளறல் வந்தா மொதல்ல விரலைக் குத்திச் சர்க்கரையப் பாக்கணும். உங்க அம்மாவுக்குப் பாத்தாங்களா?"

பார்க்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவரும் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லவில்லை. நேரம் தவறாமல் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். அவள் தவறாமல் கொடுத்தாள்.

கணவரிடம் அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அவர் ரசத்தைப் பிசைந்தபடி, "இனிமே அதக் கெளறி என்ன செய்யப் போற? விடு" என்றார். விட்டேன். வெளியேதான் விட்டேன். அந்த வாக்கியம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ நாள் மிஷின்முன் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அவள் கொன்றாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் கண் எதையோ பார்த்து வைத்திருந்ததோ, புத்திக்குச் சொல்லாமல்? தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. தம்பி அதைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை.

இப்போது என் மாத்திரைகள் சரியாகிவிட்டன. ஒரே டாக்டர், ஒரே சீட்டு. எந்த டாக்டரிடம் பல்வலிக்குப் போனாலும் வீட்டில் இருக்கிற அத்தனை அட்டையையும் பையோடு கொண்டுபோய்க் கொட்டுகிறேன். அவர் தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறந்து எதை நிறுத்து, எதைப் போடு என்று சொல்கிறவரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. வெளியே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். தட்டு கண்முன் வந்த பிறகுதான் மாத்திரையைக் கையில் எடுப்பேன். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடுவதில்லை. பையில் குளுக்கோஸ் இருக்கும். இந்தப் புத்தியெல்லாம் எனக்குக் கிடைத்த விலையை நினைத்தால் வாய் கசக்கிறது.

போன வருடம் தம்பிக்கும் சர்க்கரை என்று கேள்விப்பட்டேன். பழக்கடைக்காரனுக்கு வராமல் யாருக்கு வரும் என்று ஊரில் கேலி பேசினார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கடையில் வாடிக்கை வந்துவிட்டால் மூன்று மணிவரைக்கும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். அவன் மனைவி மாத்திரையை எப்படிக் கொடுப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். நேரம் தவறாமல்.

அவனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. அவன் மகளுக்குச் செய்தேன். நான் ஜாக்கெட் தைத்த பெண். ஒட்டன்சத்திரத்துப் பேச்சு இப்போது அவள் நாக்கில் ஏறியிருந்தது.

"சொல்லுங்க அத்த."

"அப்பாவுக்கு என்ன மாத்திரைன்னு தெரியுமாத்தா?"

"ரெண்டு இருக்குதுங்க. பேரு தெரியாது. எதுக்குங்க?"

சொன்னேன். சாப்பிடாமல் போடக் கூடாத மாத்திரை அதில் இருக்கலாம், டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல். மத்தியானம் வேர்த்தால், கை நடுங்கினால், சம்பந்தமில்லாமல் கோபம் வந்தால், முடிந்தால் விரலைக் குத்திப் பார்க்கட்டும், முடியாவிட்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்கட்டும், குடித்தபின் சாப்பிடட்டும். கடையில் இனிப்பு ஏதாவது கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க அத்த" என்றாள். பிறகு தயங்கினாள்.

"அம்மாகிட்ட இத நான் எப்படிச் சொல்றது? அத்த சொன்னாங்கன்னா... அம்மா மறுபடியும் அதையேதான் நெனைக்கும். என்னையக் கொலகாரின்னு சொல்லிட்டு இப்ப புருசனுக்கும் நாந்தான் குடுத்துக் கெடுக்கறேங்கறாங்களான்னு."

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

"நான் சொன்னேன்னு சொல்லாத" என்றேன். "வீடியோவுல பாத்தேன்னு சொல்லு. யாரோ டாக்டர் பேசுனாருன்னு சொல்லு."

"அப்படியே சொல்லிர்றேனுங்க" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. கூடப் பிறந்தவனுக்கு நல்லது சொல்ல, முகமில்லாத ஏதோ ஒரு வீடியோவாக நான் போக வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டு, வெட்டிப் போட்டிருந்த துணியை அன்று முழுக்கத் தொடவில்லை.

இந்தப் பங்குனியில் சின்னாளபட்டியில் பெரியப்பா மகன் இறந்துவிட்டார். நானும் போனேன், அவர்களும் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் தம்பி மனைவி ஓர் ஓரம், நான் ஓர் ஓரம். இறந்தவருடைய மகன் பெங்களூரிலிருந்து வந்து சேராததால் எடுக்க நேரமாகிக்கொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. தம்பி மனைவி எழுந்து வாசல் பக்கம் போய், ஆண்கள் நடுவில் நின்றிருந்த தம்பிக்குச் சைகை காட்டினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் கிட்டே போய், அடிக்குரலில், ஆனால் எனக்குக் கேட்கிற தூரத்தில் சொன்னாள்:

"மாத்திரை போட்டாச்சுல்ல? போட்டுட்டுச் சும்மா நிக்கக் கூடாதாம். எதிர் வீட்ல இட்லி வாங்கி வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாம ரெண்டத் தின்னுட்டு வாங்க."

அவன் போனான். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. அதை மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் காலையில் மாத்திரை போட்டவள்தான். விரல்நுனி லேசாக மரக்கத் தொடங்கியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டை ஒட்டிய சந்து முனையில் தறி ஓடுகிற ஒரு வீட்டின் நிழலில் போய் உட்கார்ந்து, தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். வெளியே வந்த உறவுக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"பொணம் வாசல்ல கெடக்கு. இவளுக்குச் சோறு கேக்குது பாரு" என்றாள் இன்னொருத்தியிடம், எனக்குக் கேட்கவேண்டும் என்றே.

"ஆமா, கேக்குது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான். என்னைப் பார்த்தான். என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தான். ஒரு நிமிஷம் நின்ற மாதிரிதான் இருந்தது. பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பாடை கட்டுகிற இடத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் டப்பாவில் இருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டு முடித்தேன்.